இமை தட்டாத பையன்

லைட்டரைக் கையில் வாங்கியதும் நிகானோர் அதைக் காதருகே வைத்துக் குலுக்குவார். உள்ளே ஒரு சொட்டாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. பிறகு சக்கரத்தைக் கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. கல் தேய்ந்துவிட்டதா, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதா என்பதை அந்தச் சத்தமே அவருக்குச் சொல்லிவிடும். அடிப்பாகத்தில் அவரே போட்ட துளையில் ஊசியைச் செருகி, வாயுவை ஏற்றி, துளையை அடைத்து, வேட்டியில் துடைப்பதுபோல் கால்சட்டைத் தொடையில் ஒரு துடைப்பு. அதன் பிறகுதான் அவருடைய கெட்ட பழக்கம் வெளியே வரும். நிரப்பிய லைட்டரை அதன் சொந்தக்காரரின் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் நீட்டி, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் 'டிக்' என்று பற்றவைப்பார்.

"பாத்தியா, நீலம்! மஞ்சளா எரிஞ்சா என் பேர மாத்திக்கிறேன்."

எதிரே நிற்பவர் அதைப் பார்த்திருக்க மாட்டார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஓரடி பின்வாங்கியிருப்பார். சாகுவா லா கிராந்தே ஊரின் பூங்காவில், தேவாலயத்துக்கு எதிர் மூலையில், பழைய தையல் மெஷினின் கால்களுக்கு மேல் ஒரு பலகையைப் போட்டு இருபத்தாறு வருடமாக இந்தத் தொழில் நடக்கிறது. பாதிரியார் இமைத்திருக்கிறார். போலீஸ்காரர் இமைத்துவிட்டு, இமைக்கவில்லை என்று சாதித்திருக்கிறார். தினமும் பிறர் வாய்க்குள் ஊசியை நீட்டும் பல் டாக்டரம்மா 'ஐயோ' என்று கத்தியே விட்டார். நிகானோருக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம். எல்லோரையும் மனதுக்குள் ஒரு பட்டியலில் சேர்த்துக்கொள்வார்.

அறுபத்திரண்டு வயது. ஒல்லி. இடது புருவத்தில் பாதி கிடையாது, தொழில் எடுத்துக்கொண்டது. வலது கட்டைவிரல் காய்த்துப் போய், அதில் நெருப்பு பட்டாலும் அவருக்குத் தகவல் தாமதமாகத்தான் போகும். ஊர் அவரைப் 'பொறி' என்று கூப்பிடும். அது லைட்டருக்காக வைத்த பெயர் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும், அது அவருடைய வாய்க்காக வைத்த பெயர்.

ஏனென்றால் அந்த மூலைக்குப் பெயரே சூடான மூலை. காலை எட்டு மணிக்கு ஆண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். உட்கார மாட்டார்கள், உட்கார்ந்தால் குரல் எழும்பாது. பேஸ்பாலைத் தவிர வேறு பேச்சு கிடையாது. ஒருவர் மூக்குக்குக் கீழே இன்னொருவர் விரலை ஆட்டி, கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவார். புதிதாகப் பார்ப்பவர்கள் கொலை விழப்போகிறது என்று பயப்படுவார்கள். பன்னிரண்டு அடித்தால் அதே இருவரும் ஒரே குதிரை வண்டியில் ஏறிச் சாப்பிடப் போவார்கள். இத்தனை கூச்சலுக்கும் நடுவில், கையில் ஊசியும் வாயில் கல்லுமாக, நிமிராமலேயே நிகானோர் ஒரு வார்த்தை போடுவார்.

"நான் சொல்றத மட்டும் கேளு. கேட்டுட்டு அப்புறம் திட்டு."

உடனே கேட்பதற்கு முன்பே திட்டுவார் எவேலியோ.

எவேலியோ ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, சங்கிலிக் கடிகாரம், எதற்கும் ஒரு கணக்கு. யார் எந்த வருடம் எத்தனை ஓட்டம் எடுத்தான் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். பதினொரு வருடத்துக்கு முன் ஓர் அரையிறுதியில், களைத்துப்போன பிட்சரை, பந்து வீசுகிறவனை, மாற்றியிருக்க வேண்டுமா கூடாதா என்று இருவருக்கும் தகராறு. அன்றிலிருந்து எவேலியோ சூடான மூலைக்கு ஒரு நாள் தவறாமல் வருகிறார், நிகானோருக்கு இரண்டடி தள்ளி நின்று சுருட்டுப் பிடிக்கிறார், ஆனால் லைட்டர் நிரப்ப மட்டும் ஆறு தெரு தாண்டி பஸ் நிலையத்தில் இருக்கும் இன்னொருவனிடம் போகிறார். அந்த லைட்டர் மஞ்சளாக எரிவதை ஒவ்வொரு நாளும் பார்த்து நிகானோர் வயிறெரிவார்.

தைரோன் அந்த மேசைக்கு வந்தது மார்ச் மாதத்தில். அம்மாவின் அடுப்பு லைட்டரை எடுத்து வந்தான். பதினேழு வயது, நீளக் கால், கரண்டி போல அகன்ற கை. ஊர் அணியின் செல்லப்பிள்ளை. அவன் பூங்காவைக் கடந்தால் சூடான மூலையே ஒரு கணம் வாயடைக்கும். நல்ல எதிர்காலம் உள்ள பையன் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எங்கே நிற்க வேண்டியவன் என்பதிலும் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஓட்டக்காரன் தொட்டு ஓடும் இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே, ஷார்ட் என்று எல்லோரும் சொல்லும் அந்த இடத்தில். சாகுவாவில் நடக்கக் கற்ற பிள்ளையை முதலில் அங்கேதான் நிறுத்துவார்கள். அழகன்கள் நிற்கும் இடம் அது. பாய்ந்து எடுப்பார்கள், காற்றிலேயே திரும்பி எறிவார்கள், பெண்கள் கைதட்டுவார்கள்.

நிகானோர் வழக்கம்போல நிரப்பினார், துடைத்தார், அவன் மூக்குக்கு முன்னால் நீட்டிப் பற்றவைத்தார்.

பையன் இமைக்கவில்லை.

நிகானோர் அணைத்தார். மறுபடி பற்றவைத்தார், இன்னும் கிட்டத்தில். இரண்டு கருவிழிகளிலும் சுடர் குட்டியாக நின்றது. இமை அசையவில்லை. மூன்றாம் முறை சும்மா கையை மட்டும் வெடுக்கென்று நீட்டினார். அதற்கும் அசையவில்லை.

"என்ன மாமா, எரியுதுல்ல? குடுங்க. அம்மா சோறு வைக்கணும்" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

நிகானோர் ஊசியைக் கீழே வைத்தார். இருபத்தாறு வருடத்தில் அந்தப் பட்டியலில் சேராத முதல் ஆள். அன்று அடுத்த மூன்று லைட்டர்களுக்கு அவர் யார் முகத்துக்கு நேராகவும் பற்றவைக்கவில்லை.

காரணம் உண்டு. பத்தொன்பது வயதில் நிகானோர் இதே ஊர் அணியின் கேட்சராக இருந்தவர். மட்டையாளனின் முதுகுக்குப் பின்னால் கம்பி முகமூடியைப் போட்டுக்கொண்டு குந்தியிருந்து, தன் பிட்சர் வீசும் பந்தைப் பிடிப்பவர். பக்கத்து ஊர் கெமாதோவோடு இறுதிப் போட்டி. கடைசி இன்னிங்ஸ். மூன்றாம் தளத்தில் எதிரணி ஓட்டக்காரன். மட்டை கண்ணுக்கு முன்னால் வீசிப் போனது, பந்தில் படவில்லை. பட்டிருந்தால் அந்த வீச்சு கணக்கில் வந்திருக்காது, பிழைத்திருக்கலாம். மட்டை வீசிய அந்த நொடியில் நிகானோர் இமைத்தார். இமை திறந்தபோது பந்து அவரைத் தாண்டிப் பின்வேலிக்குப் போயிருந்தது, ஓட்டக்காரன் மட்டையாளன் நிற்கும் ஹோமுக்கு வந்து ஓட்டம் எடுத்திருந்தான், கெமாதோ ஜெயித்திருந்தது. இதை அவர் நாற்பத்து மூன்று வருடமாக யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை, ஊருக்கே தெரியும்.

மறுநாள் காலை எட்டேகாலுக்கு, வாயிலிருந்த கல்லைத் துப்பிவிட்டு நிகானோர் அறிவித்தார்.

"அந்தப் பய ஷார்ட் இல்ல. கேட்சர்."

அதற்குப் பிறகு பூங்காவில் எழுந்த கூச்சலில் தேவாலயத்துப் புறாக்கள் மொத்தமும் ஆற்றுப் பக்கம் போய்விட்டன.

"யோவ், அந்த வாயு உன் மூளைக்கு ஏறிடுச்சா?" என்றார் எவேலியோ. "முப்பது மீட்டர் ஓட்டத்துல இந்த மாகாணத்துலயே அவன அடிச்சிக்க ஆளில்ல. இந்த வருஷம் நாப்பத்தாறு பந்து வந்துச்சு, ரெண்டே ரெண்டு தவறுச்சு. அவன இழுத்துட்டுப் போயி கம்பிக் கூண்டுக்குள்ள குந்த வைக்கணுங்கிற!"

"ஓட்டம் நீ எண்ணுவ. கண்ண எண்ணுனியா?"

"கண்ணா? கண்ணு எல்லாருக்கும் ரெண்டுதான்."

"தொறந்தே இருக்கிற கண்ணு எத்தன பேருக்கு இருக்கு? நான் சொல்றத மட்டும் கேளு. அவன் இமைக்க மாட்டேங்கிறான்யா. மூணு தடவ பத்தவச்சேன். மூணு தடவயும் என்னையே பாத்துட்டு நிக்கிறான்."

"லைட்டர வச்சு ஆட்டக்காரன் எடுக்கிற மொத ஆளு நீதான்" என்று எவேலியோ சொல்ல, சிரிப்பு பூங்காவின் மறுகோடி வரை போனது.

விஷயம் ரொட்டிக் கடைக்கும் போயிற்று. அங்கே வேலை பார்க்கும் தைரோனின் அம்மா மிலாக்ரோஸ், கையில் மாவோடு கிளம்பி வந்தாள்.

"எம்புள்ள மூஞ்சிய பாத்தியாய்யா நீ? அத கம்பிக்குப் பின்னால ஒளிச்சு வைக்கணுமா? நாப்பது வயசுல முட்டி தேஞ்சு உன்ன மாதிரி நடப்பான். நீ வந்து காலு புடிச்சு விடுவியா?"

"விடுறேன் மிலாக்ரோஸ். நாப்பது வயசு வரைக்கும் ஆடுனான்னா நானே வந்து புடிச்சு விடுறேன்."

"அப்ப நீ உயிரோட இருப்பியா?"

"உன் புள்ள ஆடுறதப் பாக்கணும்னா இருந்துதானே ஆகணும்."

அவள் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போனாள். மேசை விளிம்பில் அவள் கைமாவு ஐந்து விரலாகப் பதிந்திருந்தது.

இந்தச் சண்டை மூலையோடு முடிந்திருக்கும். ஆனால் கெமாதோவோடு இறுதிப் போட்டிக்குப் பத்து நாள் இருக்கையில் ஊர் அணியின் கேட்சருக்கு விரல் ஒடிந்தது. மேனேஜர் ராமிரோ தலையில் கைவைத்துக்கொண்டார். மாற்று ஆள் என்று இருந்தவன் பந்தைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறவன். அதோடு, மாகாண இளைஞர் அணிக்கு ஆள் எடுப்பவர் அன்று சாந்தா கிளாராவிலிருந்து வருகிறார் என்றும் செய்தி. அவர் எந்த இடத்தில் பார்க்கிறாரோ அந்த இடத்தைத்தான் பையன் பெயருக்கு எதிரே எழுதிக்கொண்டு போவார். அப்புறம் மாற்றுவது லேசில்லை.

சூடான மூலையில் ஒரு வழக்கம் உண்டு. வாயால் மட்டும் சொன்னது காற்றோடு போகும். ஓரத்து விளக்குக் கம்பத்தைத் தொட்டுச் சொன்னால் அது நிற்கும். அதிலும் பெரிய பந்தயத்துக்கு வாய்ப்பூட்டு. தோற்றவர் அந்த நிமிடத்திலிருந்து தேசிய பேஸ்பால் பருவம் முடியும் வரை தினமும் மூலைக்கு வரலாம், நிற்கலாம், கேட்கலாம்; ஒரு வார்த்தை பேசக் கூடாது. கடைசியாகப் பூட்டு விழுந்தது ஒரு தையற்காரருக்கு. மூன்றே மாதத்தில் ஆறு கிலோ இளைத்துப்போய், கடைசியில் ஆற்றங்கரையில் மீன்களோடு பேச ஆரம்பித்துவிட்டார் என்று சொல்வார்கள்.

எவேலியோ நிதானமாக நடந்து போய்க் கம்பத்தில் உள்ளங்கையை வைத்தார்.

"ராமிரோ அவன கேட்சரா போடட்டும். ஒம்போது இன்னிங்ஸ். ஒரே ஒரு பந்து அவனத் தாண்டி பின்னால போனாலும் நீ பூட்டு. போகலன்னா நான் பூட்டு."

கூட்டம் மொத்தமும் நிகானோர் பக்கம் திரும்பியது. பேசாமல் அரை மணி நேரம் இருந்து பழக்கமில்லாத மனிதர் அவர். மனைவி இறந்தபின் அந்த வீட்டில் பேச்சுத் துணை என்று யாரும் இல்லை. இந்த மூலைதான் அவருக்கு வீடு, இங்கே பேசுவதுதான் அவருக்குச் சாப்பாடு. எழுந்து போய், எவேலியோவின் கைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தன் கையை வைத்தார்.

"யாராச்சும் என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். தைரோன். பயிற்சி முடிந்து வியர்வையோடு நின்றிருந்தான்.

அப்படி ஒரு யோசனை அங்கே யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"சரி, இப்ப கேக்குறேன்" என்றார் நிகானோர். "உனக்கு என்ன வேணும்?"

"ஷார்ட்தான் வேணும்."

எவேலியோ இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார்.

"ஆனா கேட்சர் இல்லாம கெமாதோகாரன்கிட்ட போயி நிக்க முடியாது" என்று பையன் தொடர்ந்தான். "நாளைலேந்து கூண்டுக்குள்ள போறேன். நல்லா இல்லன்னா உங்க ரெண்டு பேரையும் சேத்துப் பூட்டிருவேன்."

அந்த ஒன்பது நாளும் நிகானோர் மைதானத்துப் பக்கமே போகவில்லை. போனால் ஏதாவது சொல்லத் தோன்றும், சொன்னால் அது ஆட்டத்தைக் கெடுக்கும் என்று அவருக்கு ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. தன் வாய் போனால் போகிறது. ஒரு பருவம் கழித்துத் திரும்பி வந்துவிடும். பையனுக்கு? சாந்தா கிளாராக்காரர் முன்னால் கூண்டுக்குள் தடுமாறினால், அந்த நீளக் காலும் அகன்ற கையும் கணக்கிலேயே வராது. அது தன்னால் வந்த வினையாக இருக்கும். சனிக்கிழமை முழுவதும் அவர் லைட்டர்களை நிரப்பிவிட்டுக் கல்லைப் போட மறந்தார். வாங்கிப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்து திட்டினார்கள். திட்டு வாங்குவதற்கு முன் கேட்கச் சொல்லும் வழக்கமான வார்த்தைகூட அன்று அவர் வாயில் வரவில்லை.

ஞாயிறு பிற்பகல் மைதானத்தில் இடமில்லை. வேர்க்கடலைப் பொட்டலக்காரன் இரண்டாம் இன்னிங்ஸிலேயே விற்று முடித்துவிட்டான். சூடான மூலை மொத்தமும் ஹோமுக்கு நேர் பின்னால், வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. நிகானோருக்குப் பக்கத்தில் எவேலியோ, கையில் ஒரு துண்டுத் தாளும் பென்சிலும். தாண்டிப் போகும் பந்தைக் குறித்துக்கொள்வதற்காக. தாள் காலியாக இருந்தது.

முதல் மூன்று இன்னிங்ஸும் அது காலியாகவே இருந்தது. பையன் குந்தியிருந்தான், பிடித்தான், எறிந்தான். பந்து வீசும் நேரம் பார்த்து இரண்டாம் தளத்துக்கு நழுவி ஓடப் பார்த்த ஒருவனை, குந்திய இடத்திலிருந்தே எறிந்து அவுட்டாக்கினான். அந்தப் பந்து போன வேகத்தைப் பார்த்து எவேலியோ தன்னை அறியாமல் 'அடேயப்பா' என்றுவிட்டு, இருமியதுபோல் பாவனை செய்தார். மூன்றாவது முடிந்து வேலிப் பக்கம் தண்ணீர் குடிக்க வந்த தைரோன், முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னான்.

"மாமா, மத்த எல்லாரும் இந்தப் பக்கம் பாத்துதான் நிக்கிறாங்க. எட்டு பேரும் என்னையே பாக்குறாங்க. யார் எங்க நிக்கணும்னு நான்தான் சொல்றேன். கேக்குறாங்க!"

சொன்னவன் முகத்தில் வியர்வையும் மண்ணும் சிரிப்பும். நிகானோர் வேகமாகத் தலையை ஆட்டினார்.

நான்காவதில் ஒரு பந்து மண்ணில் குத்தி எழும்பி, அவன் மார்பில் பட்டுத் தெறித்தது. இடது பக்கம் ஐந்தடி தள்ளி உருண்டு நின்றது. எவேலியோ பென்சிலை எடுத்தார்.

"தாண்டிருச்சு!"

"எங்கய்யா தாண்டுச்சு? பக்கத்துல உருண்டுச்சு!"

"பக்கம்னாலும் கையில இல்லல்ல?"

"கம்பத்துல என்ன சொன்ன? பின்னால போனாத்தான்னு சொன்ன. இடது பக்கம் என்னைக்குய்யா பின்னால் ஆச்சு? உங்க ரயில்வேல அப்படித்தான் சிக்னல் போட்டீங்களா?"

சுற்றி நின்ற இருபது பேரும் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தினார்கள். அதற்குள் ஓர் இன்னிங்ஸே முடிந்துவிட்டது. எவேலியோ நேர்மையான மனிதர். தன் சொந்த வார்த்தையை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பென்சிலைச் சட்டைப் பையில் செருகினார்.

ஒன்பதாவது இன்னிங்ஸ். சாகுவா ஓர் ஓட்டம் முன்னால். கெமாதோவுக்கு இரண்டு பேர் அவுட். ஆனால் மூன்றாம் தளத்தில் ஒரு ஓட்டக்காரன் நிற்கிறான், மட்டை பிடித்து நிற்பவன் கெமாதோவின் மிகப் பெரிய ஆள், ஏற்கெனவே இரண்டு வீச்சைத் தவறவிட்டவன். மூன்றாவதையும் அவன் தவறவிட்டு, பந்து தைரோன் கையில் விழுந்தால் கோப்பை. பந்து பின்னால் போனால் ஓட்டக்காரன் ஹோமுக்கு வருவான், ஆட்டம் சமம். சாகுவாவின் பிட்சருக்கோ தோளைத் தூக்க முடியவில்லை. ஒவ்வொரு வீச்சுக்கும் பிறகு கையை உதறிக்கொண்டிருந்தான்.

நிகானோருக்கு இந்த இடம் தெரியும். இதே மைதானம், இதே ஊர்க்காரர்கள், இதே மூன்றாம் தளம். அவர் வேலிக் கம்பியை இறுக்கிப் பிடித்தார். காய்த்த கட்டைவிரலில் கம்பி அழுந்தி ரத்தம் கட்டியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

பிட்சர் வீசினான். பந்து தாழ்ந்து வந்தது. அந்தப் பெரிய ஆள் தன் முழு உடம்பையும் போட்டுச் சுழற்றினான். மட்டையின் நுனியில் பந்து மயிரிழை உரசி 'டிக்' என்றது. நிகானோர் வாழ்நாள் முழுவதும் கேட்ட அதே சத்தம்.

அவர் கண்ணை மூடிவிட்டார்.

நாற்பத்து மூன்று வருடத்துக்குப் பிறகும், அறுபதடி தள்ளி வேலிக்குப் பின்னால் நின்றும், இமைத்துவிட்டார். இறுக்கி மூடிய கண்ணைத் திறக்கத் துணிச்சல் இல்லை.

"என்ன ஆச்சு?" என்றார், கண்ணைத் திறக்காமலே. "எவேலியோ, என்னய்யா ஆச்சு? சொல்லுய்யா!"

பக்கத்தில் எவேலியோ நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"புடிச்சுட்டான்" என்றார்.

அதுதான் அந்தப் பருவத்துக்கு எவேலியோ பேசிய கடைசி வார்த்தை. சொல்லிவிட்டு வாயை மூடினார், துண்டுத் தாளை நான்காக மடித்து நிகானோரின் கையில் வைத்தார். அதில் ஒரு கோடுகூட இல்லை.

நிகானோர் கண் திறந்தபோது மைதானம் முழுக்க ஊர் நின்றது. தைரோன் முகமூடியைக் கழற்றி வானத்தில் வீசியிருந்தான். அது யார் தலையில் விழுந்தது என்று இன்று வரை தெரியவில்லை. கையுறைக்குள் பந்து இன்னும் இருந்தது. ராமிரோ அவனைத் தூக்கப் பார்த்து, முடியாமல் இருவரும் மண்ணில் விழுந்தார்கள். மிலாக்ரோஸ் வேலி ஏறிக் குதித்து ஓடினாள். சாந்தா கிளாராக்காரர் பையனிடம் போய் எந்த இடம் என்று எழுதிக்கொள்வது என்று கேட்டார். அவர் கேட்டது வேலியோரம் நின்ற மூலைக்காரர்கள் அத்தனை பேருக்கும் கேட்டது. பையன் பதில் சொல்வதற்கு முன் வேலிப் பக்கம் திரும்பி, கண்ணால் நிகானோரைத் தேடிக் கண்டுபிடித்தான்.

"கேட்சர்" என்றான். "எழுதிக்குங்க. வேற எதுவும் போட்டுறாதீங்க."

நிகானோர் அழுதார். வெளிப்படையாக, சத்தமாக, மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அழுதார். தூசி விழுந்துவிட்டது என்றெல்லாம் யாரிடமும் சொல்லவில்லை. அழுகைக்கு நடுவே, கையில் கிடைத்தவர்களை எல்லாம் பிடித்து, "நான் என்ன சொன்னேன்? மார்ச் மாசமே நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டார். ஊர்வலம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பூங்காவுக்கு வந்து சேரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார். கெமாதோக்காரன் ஒருவனையும் பிடித்துக் கேட்டார். அவனும் பாவம், ஆமாம் நீங்கள் சொன்னீர்கள் என்று ஒப்புக்கொண்டான்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு மேசை போட்டாயிற்று. அன்று நிகானோரைப் பார்க்க வேண்டுமே! ஒரு லைட்டர் நிரப்பும் நேரத்தில் நான்கு பேருக்குப் பதில், அதற்கு நடுவில் இன்னொருவருக்குத் திட்டு. பையன் மட்டை பிடிக்க எத்தனையாவது ஆளாக இறங்க வேண்டும் என்று புதுச் சண்டையையும் அவரே தொடங்கி வைத்தார். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு கணம் நிறுத்தி, பழக்கதோஷத்தில் இடது பக்கம் பார்த்தார். அங்கிருந்து எதிர்ப்பு வர வேண்டும். வரவில்லை. எவேலியோ இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் விறைப்பாக நின்றிருந்தார். நிகானோர் வேண்டுமென்றே ஒரு வருடத்தைத் தப்பாகச் சொன்னபோது அவர் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, உதடு துடித்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. கம்பத்தைத் தொட்டவர்.

பத்து மணி சுமாருக்கு எவேலியோ சுருட்டை வாயில் வைத்துக்கொண்டு பையிலிருந்து லைட்டரை எடுத்தார். சக்கரத்தைத் தேய்த்தார். பொறி வந்தது, தீ வரவில்லை. இன்னொரு முறை. மூலை மொத்தமும் அவரையே பார்த்தது. ஆறு தெரு தாண்டிய பஸ் நிலையம் எந்தத் திசையில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். எவேலியோ அந்தத் திசையில் பார்த்தார். பிறகு இரண்டடி நகர்ந்து வந்து, லைட்டரை நிகானோரின் பலகைமேல், மாவுக் கறை இன்னும் மங்கலாகத் தெரிந்த இடத்தில் வைத்தார்.

பதினொரு வருடம். நிகானோர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அந்த ஒரே முறைதான். எடுத்துக் காதருகே குலுக்கினார். பஸ் நிலையத்துக்காரன் போட்டிருந்த கல்லை நகத்தால் நெம்பித் தூர எறிந்து, டப்பாவில் இருந்ததிலேயே நல்ல கல்லாகப் பார்த்துப் போட்டார். ஊசியைச் செருகி, இனி ஒரு சொட்டுக்கும் இடமில்லை என்னும்வரை நிரப்பினார். தொடையில் துடைத்தார். எவேலியோவின் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் நீட்டினார்.

டிக்.

சுத்தமான நீலம். எவேலியோ பின்வாங்கவில்லை. சுருட்டை வாயில் கடித்தபடி முகத்தைச் சுடருக்குக் கிட்டே கொண்டுவந்தார். இரண்டு கண்ணும் அகலத் திறந்திருந்தன. சுருட்டு பற்றிக்கொண்டது, புகை மேலேறியது, கண்ணில் நீர் கோத்தது. அப்போதும் அவர் இமைக்கவில்லை. நிகானோரும் கட்டைவிரலை எடுக்கவில்லை.